மனசு சும்மா இருந்த நாள்

அன்று காலை கண் விழித்தபோது அக்காவுக்கு மனசு அடித்துக்கொள்ளவில்லை.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நமக்கெல்லாம் அதிசயமில்லைதான். ஆனால் இந்த அக்காவுக்கு ஆறு வருஷமாக அப்படி ஒரு பொழுது விடிந்ததே கிடையாது. பல் தேய்க்கும்போது கொஞ்சம், தலை வாரும்போது கொஞ்சம், தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது ரொம்பவே என்று, விலாவுக்குள் ஏதோ ஒன்று தட்டிக்கொண்டே இருக்கும். அன்றைக்குத் தட்டவில்லை. படுக்கையில் அப்படியே கிடந்து காத்திருந்து பார்த்தாள். தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அடுப்பில் பால் பொங்கித் தீய்கிற வாசனை வந்தது. மனசு மட்டும் வாயே திறக்கவில்லை.

"டேய், எனக்கு ஒண்ணுமே பண்ணலடா," என்றாள், சமையலறையில் நின்ற தம்பியிடம்.

"ஒண்ணுமே பண்ணலன்னா டாக்டர்கிட்ட போலாமா?" என்றான் அவன், வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே.

அவன் அப்படித்தான். எதையும் சிரிப்பாக்கிவிடுவான். அன்றைக்குச் சிரிக்க அவனுக்குக் காரணமும் இருந்தது. பிரசவத்துக்குத் தன் அம்மா ஊருக்குப் போயிருந்த அவன் மனைவி, மூன்று மாதக் கைக்குழந்தையோடு அன்று மத்தியான பஸ்ஸில் கிளம்பி சாயங்காலம் வந்து சேருகிறாள். மகளை, அவள் பிறந்த வாரத்தில் அவன் பார்த்ததோடு சரி. அதற்கப்புறம் போனில் பார்த்த முகம்தான். இரண்டு நாளாக வீட்டைப் பெருக்கிப் பெருக்கித் தரையே தேய்ந்துவிட்டது.

அக்காவும் தம்பியும் பார்ப்பது உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளியிலிருந்து கழுவும் வேலை. மொட்டைமாடியில் ஒரு மோட்டார், அதிலிருந்து இறங்கும் இரண்டு இரும்புக் கயிறுகள், கயிற்று முனையில் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு தகரத் தொட்டி. அதைத் தொட்டில் என்பார்கள். தொட்டிலில் தம்பியும் வாளியும் நிற்பார்கள். வாளி என்பது ஆள். கையில் வாளி இல்லாமல் அந்த மனுஷனை யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பேர். மாடியில் மோட்டார் பக்கத்தில் அக்கா. பச்சைப் பொத்தான் இறக்கும், மஞ்சள் ஏற்றும், சிவப்பு நிறுத்தும். அவளைவிட வாளி பத்து வயது பெரியவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நம் உசிரைக் கட்டைவிரலில் வைத்திருப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவது என்பார்.

இந்த மூன்று பேருக்குள் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிலில் கால் வைக்கும் முன் மூன்று பேரும் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். "மனசு சும்மா இருக்கு" என்று மூன்று பேரும் சொன்னால் தொட்டில் இறங்கும். ஒருத்தர் "அடிச்சுக்குது" என்றாலும் இறங்காது. ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டாலும் சொல்லக் கூடாது.

ஊரில் இந்தச் சொல்லை எடுத்ததற்கெல்லாம் செலவழிக்கிறார்கள். பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பியவளுக்கும் மனசு அடித்துக்கொள்கிறதாம், அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று பாதி வழியில் யோசிப்பவனுக்கும் அடித்துக்கொள்கிறதாம். அக்காவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். காரணம் தெரிந்தால் அதற்குப் பேர் பயம். கயிற்றில் பிசிறு தெரிந்தால் பயப்படு, கயிற்றை மாற்று, பயம் போய்விடும். காரணம் பாதி தெரிந்தால் அது கவலை. அடித்துக்கொள்வது என்பது இரண்டுமில்லை. அதற்குக் காரணமே இருக்கக் கூடாது. கயிறு சரி, மோட்டார் சரி, காற்று சரி, வானம் சரி, ஆனாலும் உள்ளே ஒன்று போகாதே போகாதே என்கிறதே, அதற்கு மட்டும்தான் அந்தச் சொல்.

இதை அவள் தெரிந்துகொண்ட விதம் கொடுமையானது. ஆறு வருஷத்துக்கு முன் தொட்டிலில் நின்றது அவள் புருஷன். ஒரு நாள் காலையில் அவளுக்குத் தலை வாரும்போதே அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. "இன்னைக்குப் போகாதீங்களேன்" என்றாள். "ஏன்?" என்றார். சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. வெறுங்கையோடு நிற்கக் கூச்சப்பட்டு, "காத்து ஜாஸ்தியா இருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவர் மாடிக்குப் போனதும் காற்றளக்கும் கருவியைப் பார்த்தார். காற்றே இல்லை. "பாத்தியா?" என்று சிரித்துவிட்டு இறங்கினார். பதினோராவது மாடியில் கயிற்றுக் கொக்கி விட்டுவிட்டது. அன்று முழுக்கக் காற்று துளிக்கூட அடிக்கவில்லை. அவள் ஒரு காரணம் சொன்னாள், அந்தக் காரணம் பொய்யானது, அதோடு போகாதே என்றதும் பொய்யாகிவிட்டது. காரணம் கேட்கக் கூடாது என்ற சட்டத்தை அதற்கப்புறம்தான் போட்டாள்.

அந்த நாளைப் பற்றி இன்னொன்றும் அவள் மறக்கவில்லை. அவள் புருஷன் சும்மாவே பயந்தாங்கொள்ளி. தினமும் கொக்கியை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், இடுப்பு வாரை நாலு முறை. அன்றைக்கு ஒருமுறைகூட இழுத்துப் பார்க்கவில்லை. சீட்டியடித்துக்கொண்டு ஏறினார். யாருக்கு ஆபத்து வரப்போகிறதோ அவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடக் கம்மி. வழக்கமான பயம், வழக்கமான கவலை எல்லாவற்றையும் வெளியே தள்ளி அன்றைக்கு மனசு கதவைச் சாத்திக்கொள்ளும். அடித்துக்கொள்வதெல்லாம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு, பாசம் வைத்தவர்களுக்கு. அதனால்தான் மூன்று பேரும் சொல்ல வேண்டும் என்கிறாள். என்னுடையது உனக்குத் தெரியும், உன்னுடையது எனக்குத் தெரியும். தன்னுடையது யாருக்கும் தெரியாது.

தினமும் தட்டுவதைப் பழக்கம் என்று ஒதுக்கிவிட்டு, தட்டல் மீறிப்போனால் மட்டுமே சொல்கிற இந்தக் கறாரான சொல்லை அந்த மாதத்தில் அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். மூன்று தடவையும் வேலை நின்றது, மூன்று தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. இறங்காத தொட்டில் எப்படி விழும்? ஆனால் நடக்காத ஒன்றைக் காட்டி யாரிடம் நியாயம் பேச முடியும்? கட்டட மேனேஜர் வெளுத்து வாங்கிவிட்டார். "இன்னும் ஒரு தடவை காரணமில்லாம நிறுத்துனீங்கன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்." தம்பிக்கும் பயம்தான், வேலை போய்விட்டால் வருகிற பெண்டாட்டி பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று. ஆகவே அக்காவின் மனசு அன்று தானாகவே சும்மா இருந்தது இரண்டு பேருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது.

வேலைக்கு நடந்து போகும் வழியில் அக்கா ஏழெட்டு தடவை சிரித்தாள். காரணமில்லாமல் பயந்தவள் காரணமில்லாமல் சிரிக்கக் கூடாதா? தெரு நிம்மதியாக இருந்தது. ஹாரன் சத்தமே இல்லை. சாலையைக் கடக்கிற ஒரு பெண், கூட வந்த குழந்தையின் கையைப் பிடிக்காமல் முன்னால் போய்விட்டாள். குழந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடுச்சாலையில் நடந்து வந்தது. மருந்துக்கடைக்காரர் கடையை விரியத் திறந்து போட்டுவிட்டு எதிர்க்கடையில் நின்று டீ குடித்தார். வண்டி ஓட்டுகிறவன் எவனும் திரும்பிப் பார்க்காமலே திரும்பினான். எதுவும் எதன்மேலும் இடிக்கவில்லை. எல்லோருக்கும் இன்றைக்கு நல்ல நாள் போல என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

கட்டட வாசலில் வாட்ச்மேன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த ஊரில் இந்தச் சொல்லை வீணடிப்பதில் முதல் பரிசு வாங்கக்கூடியவர் அவர். வீட்டில் மனைவிக்கு ரத்தக் கொதிப்பு. "மனசு அடிச்சுக்குதும்மா, மாத்திரை போட்டாளோ இல்லியோ" என்பார் தினமும். "அது கவலை, அண்ணே. போன் பண்ணிக் கேளுங்க, போயிடும்" என்பாள் அக்கா தினமும்.

"அண்ணி மாத்திரை போட்டாங்களா?" என்று இன்றைக்கு அவளே கேட்டாள்.

"போட்டிருப்பா," என்றார் அவர். "போடலன்னாத்தான் என்னம்மா?"

அக்கா சட்டென்று நின்றாள். அவர் விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவரின் முகம்போல் இருந்தது முகம்.

மாடியில் வாளி முன்கூட்டியே வந்து சோப்புத் தண்ணீர் கலக்கி வைத்திருந்தார். போன்களை அக்காவிடம் ஒப்படைக்க வேண்டும். தொட்டிலுக்குள் போன் கொண்டுபோவதில்லை, கைதவறினால் கீழே போகிறவன் மண்டை போய்விடும். மூன்று போன்களும் துணிப்பைக்குள் போயின, பை மோட்டாரின் கைப்பிடியில் தொங்கியது. மேலும் கீழும் பேசிக்கொள்ள இடுப்பில் கட்டிய வாக்கி டாக்கி உண்டு.

"மனசு சும்மா இருக்கு," என்றார் வாளி.

"சும்மா இருக்கு," என்றான் தம்பி. "குதிக்கக்கூடச் செய்யுது, ஆனா அது வேற விஷயம்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். இந்த இடத்தில்தான் வழக்கமாக அவள் தயங்குவாள், கயிற்றைப் பார்ப்பாள், கண்ணை மூடுவாள்.

"சும்மா இருக்கு," என்றாள் அக்கா.

வாளி கைதட்டியே விட்டார். தொட்டில் விளிம்பைத் தாண்டி இறங்கியது. மாடிச் சுவரில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மோட்டார் சத்தம் கேட்டால் எப்போதும் படபடவென்று பறந்துவிடும். இன்று பறக்கவில்லை. ஒன்று மோட்டார்மேலேயே வந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தது. கையை வீசினாள். அது நகரவில்லை. விரலால் தொட்டாள். அப்போதும் நகரவில்லை. இளஞ்சூடாக, மெத்தென்று, பயமே இல்லாமல் இருந்தது.

பதினெட்டு, பதினேழு, பதினாறு என்று ஒவ்வொரு மாடியாகக் கழுவிக்கொண்டு போனார்கள். பத்தரை மணிக்கு மேனேஜர் மாடிக்கு வந்தார், அவள் கையில் ஒரு டீயைக் கொடுத்தார். இந்த மூன்று வருஷத்தில் அந்த மனுஷன் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

"இன்னைக்கு நிறுத்தல போலிருக்கே?"

"இல்ல சார். மனசு சும்மா இருக்கு."

"எனக்கும்தான்," என்றார். பேசிக்கொண்டே சுவரோரம் போய், இடுப்புயரச் சுவர்மேல் சாவகாசமாக ஏறி உட்கார்ந்தார். பின்னால் பதினெட்டு மாடி. மாடிக்கு வந்தால் சுவரிலிருந்து பத்தடி தள்ளியே நிற்பவர் அவர். உயரம் என்றாலே ஆகாது. "சார், இறங்குங்க" என்று அக்கா சொல்ல நினைத்தாள். சொல்ல வேண்டும் என்று புத்தி சொன்னது. ஆனால் சொல்ல வைக்கிற அந்தப் பதற்றம் வரவில்லை. டீயைக் குடித்தாள்.

பதினொன்றரை மணிக்குத் துணிப்பைக்குள் ஒரு போன் அடித்தது. வாளியுடையது. வேலை நேரத்தில் அவள் எடுப்பதில்லை. நின்றது, மறுபடி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. நாலாவது தடவை எடுத்தாள்.

"அவன் இருக்கானா?" என்றது ஒரு கரகரத்த குரல். "நான் அவனோட அண்ணன் பேசறேன்."

வாளிக்கு வெளிநாட்டில் ஒரு அண்ணன் இருப்பது அவளுக்குத் தெரியும். நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் தெரியும்.

"வேலையில இருக்கார். நல்லா இருக்கார்."

"நல்லா இருக்கானா? நெஜமாவா? பாத்துட்டுச் சொல்லும்மா." அந்த ஆள் மூச்சு வாங்கினார். "எனக்கு எந்திரிச்சதுலேர்ந்து மனசு அடிச்சுக்குது. ஏன்னு தெரியல. அவன் மூஞ்சியே கண்ணு முன்னாடி நிக்குது."

ஏன்னு தெரியல. எல்லோரும் தப்பாகச் சொல்கிற சொல்லை இந்த முகம் தெரியாத மனுஷன் மிகச் சரியாகச் சொன்னார். அக்கா விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ஒன்பதாவது மாடியில் வாளி ரப்பர் பட்டையால் கண்ணாடியை வழித்துக்கொண்டிருந்தார். கயிறு இரண்டும் விறைப்பாக, நேராக இருந்தன.

போனை வைப்பதற்குள் அவளுடைய போன் அடித்தது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள். கல்யாணமாகித் தூர தேசம் போய்ப் பதினைந்து வருஷம். "சும்மாதான்டி கூப்பிட்டேன். நீ நல்லா இருக்கியா? என்னமோ மனசு கெடந்து அடிச்சுக்குது."

"நல்லா இருக்கேன்டி."

"எங்க அம்மாகிட்டயும் பேசிட்டேன், உங்க ஊர்லதானே இருக்காங்க. நல்லா இருக்கேன்னு சிரிக்கிறாங்க. எல்லாரும் ஏன்டி சிரிக்கிறீங்க?"

வாக்கி டாக்கி கரகரத்தது. தம்பி. "அக்கா, இங்க ஒரு வேடிக்கை. உள்ள இருக்கற அத்தனை பேரும் போன்ல இருக்காங்க."

"ஆபீஸ்னா போன்ல இருக்க மாட்டாங்களா?"

"மேசை போன் இல்லக்கா, அவங்கவங்க போன். ஒரு ஐம்பது பேர் இருப்பாங்க. எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ஒரே மாதிரி தலையாட்டறாங்க. எட்டாவது மாடியிலயும் அப்படித்தான், கீழ தெரியுது."

சுவர்மேல் உட்கார்ந்திருந்த மேனேஜரின் போனும் அடித்தது. "எங்க மாமியார்," என்றார் அக்காவிடம் கண்ணைச் சிமிட்டி. "வெளியூர். ஏதோ மனசு சரியில்லையாம்." போனில், "எனக்கென்ன அத்தை, ஜம்முனு இருக்கேன்" என்றார்.

காற்று கீழேயிருந்து தெருவின் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. அக்கா காது கொடுத்துக் கேட்டாள். வண்டிச் சத்தம் இல்லை. நூறு விதமான மணிகள், பாட்டுகள், கிணுகிணுப்புகள். கடைகளில், எதிர்க் கட்டடத்தில், நின்றுபோன பஸ்ஸுக்குள், நடைபாதையில், எல்லோருடைய போனும் அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் எடுத்து, நாங்க நல்லா இருக்கோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வரப்போகிறவருக்குத் தெரியாது, பாசம் வைத்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருத்தருக்கு வந்தால் ஒரு வீட்டுக்குள் அடித்துக்கொள்ளும். ஊருக்கே வந்தால், ஊருக்குள் யாருக்குமே அடித்துக்கொள்ளாது. வெளியூரில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அடித்துக்கொள்ளும்.

இவ்வளவு பெரிய விஷயம் புரிந்தும் அவளுக்கு உடம்பு நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. புருஷன் செத்ததற்கு அப்புறம் ஒவ்வொரு நாளும் திட்டிக்கொண்டிருந்த அந்தத் தட்டலிடம், அன்றைக்கு ஒரே ஒரு தடவை தட்டேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். ஒன்றும் வரவில்லை.

வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். தன் சட்டத்தைத் தானே மீறிப் பொய் சொன்னாள். "அடிச்சுக்குது. மேல வாங்க."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று தெரிந்தும் கேட்கவில்லை. மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். ஒன்பது மாடி ஏறி வர ஆறு நிமிஷம் ஆயிற்று. தம்பி விளிம்பைத் தாண்டிக் குதித்து, இடுப்பு வாரை அவிழ்க்காமலே அவள் முகத்தைப் பார்த்தான். பதினான்கு வயதிலிருந்து அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அவனிடம் எதை மறைக்க முடியும்?

"உனக்கு அடிச்சுக்கலதானே?"

"இல்ல."

"பின்ன ஏன் சொன்னே?"

முதல்முறையாகக் கேட்கிறான். அவளும் முதல்முறையாகச் சொன்னாள். போன்களைப் பற்றி, வாளியின் அண்ணனைப் பற்றி, தெருவைப் பற்றி. "எனக்கு அடிச்சுக்கல. உனக்கு இல்ல. இவருக்கு இல்ல. வாட்ச்மேனுக்கே இல்லடா."

"அப்ப நல்லதுதானேக்கா?"

"மாமாவுக்கும் அன்னைக்கு அடிச்சுக்கல."

தம்பி சிரிக்க வாயெடுத்தான். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். பக்கத்தில் வாளி தன் போனை எடுத்து, நாலு வருஷமாகக் கூப்பிடாத ஒரு எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டு மெதுவாக மாடியின் அந்தக் கோடிக்கு நடந்தார்.

அப்போது தம்பியின் போன் அடித்தது. அவன் மனைவி. எடுத்து இரண்டு வார்த்தை பேசினான், முகம் மலர்ந்தது. "அக்காகிட்ட பேசணுமாம்" என்று நீட்டினான். "அவளுக்கும் காலையில அடிச்சுக்கிச்சாம். ஆனா இப்ப நின்னுடுச்சாம், பாரு."

அக்கா போனைப் பிடுங்கினாள்.

"அண்ணி, நீங்கதான் இதெல்லாம் சரியா சொல்வீங்க," என்றாள் தம்பி மனைவி. குரலில் தெம்பு. "விடிகாலையிலேர்ந்து எனக்கு உசிரே இல்ல. அப்படி அடிச்சுக்குது. அம்மா கூட, இன்னைக்குப் போக வேணாம்னாங்க. பாப்பா வேற ஒரே அழுகை. எனக்கு உங்க ரெண்டு பேரையும் பாத்தாதான் ஆகும்னு தோணுச்சு, வந்துட்டேன். பஸ்ல ஏறி சீட்டுல உக்காந்தேன் பாருங்க, பட்டுனு நின்னுடுச்சு. இப்ப மனசு அவ்வளவு நிம்மதியா இருக்கு. பாப்பாவும் சிரிக்கிறா."

"பஸ் கெளம்பிடுச்சா?"

"டிரைவர் ஏறிட்டார். கெளம்பப் போறோம்."

"எறங்கு."

"என்ன அண்ணி?"

"பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எறங்குடி. பை போனாப் போகுது. இப்பவே எறங்கு."

ஏன் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அக்காவிடம் ஒரு காரணமும் கிடையாது. ஆனால் அந்த வீட்டுக்கு வாழ வந்த இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தாள். போனில் ஒரு இழுபறிச் சத்தம் கேட்டது, யாரோ திட்டினார்கள், ஒரு கண்டக்டர் விசில் ஊதினார், குழந்தை சிணுங்கியது. இன்ஜின் உறுமிக்கொண்டு தூரப் போயிற்று. அப்புறம் வெறும் மூச்சுச் சத்தம்.

"எறங்கிட்டேன்," என்றாள். குரல் மாறியிருந்தது. "அண்ணி, மறுபடி ஆரம்பிச்சுடுச்சு. ரொம்ப அடிச்சுக்குது அண்ணி. பாப்பாவும் வீறிடறா, கேக்குதா?"

கேட்டது. மூன்று மாதக் குழந்தை தொண்டை கிழிய அழுதது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நேரம் வராத அழுகை அப்போது வந்தது, ஆனந்தத்தில் வந்தது. பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

"அழட்டும், விடு. அங்கேயே அம்மாகூட இரு. நான் சொல்ற வரைக்கும், யார் கூப்பிட்டாலும் இந்தப் பக்கம் வராதே."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க அண்ணி. இப்பவே கெளம்புங்க."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்தே அவன் பாதி புரிந்துகொண்டிருந்தான். இடுப்பு வாரை அவிழ்த்து எறிந்துவிட்டு, "வா, நாம அங்க போயிடலாம்" என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கினான். அதைவிட நல்ல யோசனை எது? நாலு மணி நேரப் பயணம்தானே. வாளியைக் கூப்பிட்டார்கள், அவர் போனில் அழுதுகொண்டிருந்தார், கையை ஆட்டிப் போகச் சொன்னார். மேனேஜரைக் கூப்பிட்டார்கள், அவர் சுவர்மேல் உட்கார்ந்தபடியே சிரித்தார். தம்பி முன்னால் ஓடி லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வந்தாள். "நாங்க கெளம்பிட்டோம்," என்றாள். "கேக்குதா? ரெண்டு பேரும் கெளம்பிட்டோம், அங்கதான் வரோம். இப்ப நின்னுச்சா?"

அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டேயிருந்தது.

"சொல்லும்மா. நின்னுச்சா?"

"இல்ல அண்ணி," என்றாள் அவள், ரொம்ப மெதுவாக. "இன்னும் ஜாஸ்தியாத்தான் ஆகுது."

தம்பி லிஃப்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டினான். மகளைப் பார்க்கப் போகிற சந்தோஷம் முகமெல்லாம் அப்பிக்கிடந்தது. "என்ன சொல்றா?"

"நின்னுடுச்சாம்," என்றாள் அக்கா, உள்ளே போய் அவன் பக்கத்தில் நின்றாள்.